அவமானப்பட்ட நாட்களில் ஜெபமும் நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருப்பார். நிச்சயமான கல்யாணம் நின்றிருக்கும். பிள்ளையில்லை என்ற குத்தல், பறிபோன வேலை, பொய்ப் புகார், சபைக்குள்ளேயே சாதி பார்த்து ஒதுக்கிய ஒதுக்கல் என்று காரணங்கள் பல. இவற்றில் மாட்டிய விசுவாசிகள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே உள்ளன. வசனங்கள் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து (பழைய திருப்புதல்) தரப்பட்டுள்ளன. கத்தோலிக்கர் 'சங்கீதம்' என்று வருமிடத்தில் திருப்பாடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் ஒழுங்காக ஆலயத்துக்குப் போகிறவன். எனக்கு ஏன் இந்த அவமானம்? ஏதோ பாவத்துக்குத் தண்டனையா?

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் இதைத்தான் சொன்னார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி ஆனது. புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது யோபுவின்மேல் அல்ல, அந்த நண்பர்கள்மேல். பிறவிக் குருடனைக் காட்டி "இவன் பாவமா, பெற்றோர் பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டுமில்லை என்றார் (யோவான் 9).

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. உங்கள் மனச்சாட்சி குத்துகிறது என்றால் எந்தச் செயல், யாருக்கு எதிராக, எப்போது என்று உங்களுக்கே தெரியும். அதை அறிக்கையிடலாம், சரிசெய்யலாம். "ஏதோ பாவம் இருக்கும்போல, தாத்தா காலத்துச் சாபம்போல" என்று பெயரில்லாமல் சுற்றிவரும் பயத்தை மனச்சாட்சியின் குரல் என்று எண்ண வேண்டாம். பட்ட அவமானம்தான் அந்த வேஷத்தில் வருகிறது. அந்தப் பயத்தைப் போக்குகிறேன் என்று சாபம் முறிக்கப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

சொந்த வார்த்தை வராதபோது கடன் வாங்கிக்கொள்ளலாம், சங்கீத புத்தகம் அதற்குத்தான் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள், ஆறே வசனம்தான். முதல் இரண்டும் முறையீடு, அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை.

முதலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், மனம் பழைய காட்சிக்கே போய்விடும். பிறகு ஒரு தாளில் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று எழுதி, அதன் கீழ் உங்கள் காரியத்தை எழுதுங்கள். "எதுவரைக்கும் தெருப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பேன்? எதுவரைக்கும் மாமியார் சொந்தக்காரர் முன்னால் அதையே சொல்லிக் காட்டுவார்?" இப்படி நான்கைந்து வரி போதும். அழகான ஜெபத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிறபடி எழுதுங்கள். அடுத்து 3, 4 வசனங்களுக்கு நேராக ஒரே ஒரு விண்ணப்பம், இந்த வாரத்துக்குத் தேவையானது. வியாழக்கிழமை மேலதிகாரியைப் பார்க்கும்போது பதறாமல் பேச வேண்டும் என்பது நல்ல விண்ணப்பம். "எல்லாம் மாற வேண்டும்" என்று கேட்டால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கடைசி இரண்டு வசனம்தான் சிக்கல். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று சொல்ல வாய் வராவிட்டால் அன்றைக்கு நான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். அல்லது வீட்டில் ஒருவரை அந்த இரண்டு வசனத்தை மட்டும் உங்களுக்காக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாததை இன்னொருவர் சொல்லட்டும். சபை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

முழுவதும் இருபது நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் நடப்பது ஜெபமல்ல. அவன் என்ன சொன்னான், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே காட்சியைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். "அவன்" என்று பேசுவது கூடி, "நீர்" என்று கர்த்தரிடம் பேசுவது குறைந்தால் எழுந்துவிடுங்கள்.

அது பழகியபின் 22, 69 ஆகிய சங்கீதங்களுக்குப் போகலாம். கேலியை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்த எழுத்து அது. "உதட்டைப் பிதுக்கி, தலையைத் துலுக்கி" என்று 22ஆம் சங்கீதம் எழுதும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் நம்மைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவர் காதில் குனிகிறவரின் முகம் அப்படியே தெரிகிறது.

"அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்கிறார்கள். முறையிடுவது அவிசுவாசமா?

இல்லை. 88ஆம் சங்கீதத்தில் 18 வசனம் உண்டு, கடைசிவரைக்கும் விடியவே இல்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு அது நின்றுவிடுகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. இயேசு சிலுவையில் சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அதன்மேல் பிரசங்கம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒருவர் அதே வார்த்தையைச் சொன்னால் அவிசுவாசம் என்பது பொருந்தவே பொருந்தாது.

ஸ்தோத்திரம் வேண்டாம் என்பதல்ல. 22ஆம் சங்கீதத்தின் 31 வசனங்களில் துதி 22ஆம் வசனத்தில்தான் வெளிப்படையாகத் தொடங்குகிறது. அதற்கு முன்னாலிருக்கும் 21 வசனங்களைத் தாண்டிக் குதிக்கச் சொல்வதுதான் தவறு.

என்னை இப்படிச் செய்தவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று தோன்றுகிறது.

109ஆம் சங்கீதம் அதைவிடக் கடுமையாகப் பேசுகிறது. அதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். சங்கீதக்காரன் சாபத்தைத் தேவனிடம் கொடுத்துவிட்டுக் கையை இறக்கிக்கொள்கிறான். ரோமர் 12 சொல்வதும் அதுதான், பழிவாங்குதல் கர்த்தருடைய வேலை. "தேவன் அவன் குடும்பத்தை அடிப்பார்" என்று ஊருக்குச் சொல்லித் திரிவது அந்த வேலையை மறுபடி நம் கையில் எடுப்பதாகும்.

"உங்கள் வெட்கத்துக்குப் பதிலாக இரண்டத்தனையாய்ப் பலன் வரும்" என்பது எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம். வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லையே?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையைப் பற்றிய கேள்வி இது. ஏசாயா 61:7 தனி ஆளுக்கு எழுதிய சீட்டு அல்ல. எருசலேம் இடிந்து, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டு, நாடு திரும்பியும் பாழான ஊரைப் பார்த்துக் கூசிப்போன ஜனத்துக்குச் சொன்னது. அந்த அதிகாரத்தின் முதல் வரிகளைத்தான் இயேசு நாசரேத்து ஜெபஆலயத்தில் வாசித்தார் (லூக்கா 4). அதனால் கிறிஸ்தவர்கள் அதைத் தங்களுக்கும் உரியதாக வாசிப்பது சரியே. ஆனால் அதில் தேதி இல்லை, தொகையும் இல்லை.

அட்டையை எறிய வேண்டாம். அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள், பதினொரு வசனம்தான். "இந்த வருஷம் எனக்குப் பிள்ளை பிறக்கும், வீடு வரும்" என்று அதன்மேல் நீங்களோ வேறொருவரோ சேர்த்து எழுதியதை மட்டும் அழித்துவிடுங்கள். டிசம்பரில் மனம் உடைவது பெரும்பாலும் அந்தச் சேர்க்கையால்தான்.

அப்படியானால் எதன்மேல் நம்பிக்கை வைப்பது? நிலைமை மாறும் என்றுகூட நம்பக்கூடாதா?

நம்பலாம், கேட்கலாம். ஆனால் நிலைமை மாறுவதை மட்டுமே நம்பிக்கை என்று வைத்துக்கொண்டால், மாறாத ஒவ்வொரு நாளும் இன்னொரு அவமானமாக வந்து சேரும்.

அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). பிள்ளையில்லை. பெனின்னாள் வருஷாவருஷம், அதுவும் பண்டிகைக்குப் போகிற இடத்தில், வேண்டுமென்றே நோகடிக்கிறாள். புருஷன் நல்லவன்தான், ஆனால் "பத்து பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலல்லவா" என்று கேட்கிறான். அந்தக் கேள்வியில் ஆறுதல் எவ்வளவு இருந்திருக்கும்? ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தால் ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைக்கிறான். வீடு, பண்டிகை, ஆலயம் எங்கேயும் நிந்தைதான். அவள் எழுந்து போனபின் 18ஆம் வசனம் சொல்கிறது, போஜனம் செய்தாள், அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை. அவள் மகன் சாமுவேல் அப்போது பிறக்கவில்லை. கருகூட உண்டாகவில்லை. பெனின்னாள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஏலி சமாதானம் சொல்லி அனுப்பினான் என்பது உண்மை, ஆனால் பிள்ளை பிறக்கும் என்று தேதி குறித்துக் கொடுக்கவில்லை. மனதிலுள்ளதை எல்லாம் கர்த்தருக்கு முன்பாக ஊற்றிவிட்டாள், அவர் கேட்டார் என்று எழுந்துபோனாள்.

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் சிலுவை. ரோமர்கள் அதைக் கொல்வதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. வஸ்திரத்தை உரிந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கும் இடத்தில், குற்றத்தை எழுதி மேலே மாட்டி வைத்தார்கள். பார்க்கிறவன் ஏளனம் செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு. அப்படி வைக்கப்பட்டவரைத்தான் தேவன் உயிரோடு எழுப்பினார் என்பது விசுவாசம். ஆகவே ஊர் எழுதி மாட்டுகிற பலகை கடைசித் தீர்ப்பு அல்ல. எபிரெயர் 12:2 "அவமானத்தை எண்ணாமல்" சிலுவையைச் சகித்தார் என்கிறது. வலிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. அந்தப் பலகைக்குத் தம்மை விலைபோட அவர் அதிகாரம் கொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் உண்டா?

தேவசகாயம் பிள்ளை. 1712இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்து கலங்கியிருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்திருந்த டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எந்த ஊரில் அதிகாரியாகத் தலைநிமிர்ந்து நடந்தாரோ அங்கேயே கேலிப்பொருளாக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது. ஆனால் அவர் வாழ்நாளில் விடுதலை வரவில்லை. 270 வருஷம் கழித்துப் பட்டம் வரும் என்று நம்பியா அவர் எருமைமேல் உட்கார்ந்திருப்பார்?

அதே தென்திருவிதாங்கூரில் அடுத்த நூற்றாண்டில் தோள்சீலைப் போராட்டம். மார்பை மறைத்து உடுத்தியதற்காக நாடார் கிறிஸ்தவப் பெண்கள் தெருவிலும் சந்தையிலும் அடிபட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது. அவர்கள் ஜெபித்தார்கள், உடுத்துவதையும் நிறுத்தவில்லை, மனுவும் போனது. 1859 ஜூலை 26 அரசாணையில் மறைத்துக்கொள்ள அனுமதி வந்தது, மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அரைகுறை வெற்றிதான்.

மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறாரே. போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகலாமா?

போகலாம். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு, நான் தகாததைப் பேசியிருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). பதிலுக்கு அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் எல்லார் முன்னாலும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாகப் போய்விடுங்கள் என்றபோது பவுல் மறுத்தார்: அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் (அப்போஸ்தலர் 16:37). அதிகாரிகள் வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். பகிரங்கமாகப் பட்ட அவமானத்துக்குப் பகிரங்கமான பதில் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல.

கடன் விஷயத்தில் இது மிகவும் உதவும். இந்தியாவில் குழுக்கடன் போன்ற நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகள் உண்டு. வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. உறவினரை, கூட வேலை செய்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக்கூடாது. வசூல், இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மீறினால் தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே நோட்டில் எழுதி, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மன்) போகலாம், விவரத்துக்கு 14448. கடன் கடன்தான், கட்ட வேண்டும். தெருவில் வைத்துக் கேவலப்படுத்தும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

வீட்டில் அடிவாங்குகிற பெண் மறுகன்னம் காட்ட வேண்டும் என்று எந்தப் போதகர் சொன்னாலும் கேட்காதீர்கள். பெண்கள் உதவிக்கு 181. பிள்ளையிடம் சபை ஊழியர் தவறாக நடந்தால் சபைக் கமிட்டி பேசி முடிக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1098க்கும் அழைக்கலாம்.

என் தப்பால்தான் இந்த அவமானம். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், பாதை வேறு. பாவத்தை அறிக்கையிடும் 51ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். அதோடு நிறுத்தாமல் கணக்கைத் தீருங்கள். லேவியராகமம் 6 அபகரித்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. ஆயக்காரன் சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். சங்கப் பணம் எடுத்தவர் சாட்சி சொல்லி அழுதுவிட்டுப் பணத்தைத் திருப்பாவிட்டால், அந்தக் கண்ணீரை ஊர் நம்பாததில் நியாயம் உண்டு. முழுத்தொகை இல்லையென்றால் மாதம் எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

அறிக்கையை யாருக்கு எதிராகச் செய்தீர்களோ அவருக்குச் செய்யுங்கள். முழுச் சபை முன்னால் விவரமாகச் சொல்வது பல வேளைகளில் உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும்தான் இரண்டாம் தடவை அவமானப்படுத்தும்.

மன்னித்துவிட்டேன் என்றால் பழையபடி போக்குவரத்து வைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைப் பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. தானியம் கொடுத்தான், பணத்தைத் திருப்பி வைத்தான், தன்னை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. பென்யமீனுக்குப் பதில் நான் அடிமையாயிருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் "நான் யோசேப்பு" என்றான். பழிவாங்காமல் விடுவது உங்கள் பக்கத்து வேலை. உறவு பழையபடி ஆக அவர்கள் மாறியிருக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது? ஜெபக்குறிப்பாகக் கொடுக்கலாமா?

ஒருவரிடம், அதிகம் போனால் இருவரிடம். மற்றவர் விஷயத்தை உங்களிடம் கொட்டுகிறவர், உங்கள் விஷயத்தை வேறிடத்தில் கொட்டுவார். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் "இன்னார் மகள் புகுந்த வீட்டிலிருந்து வந்துவிட்டாள், ஜெபியுங்கள்" என்று ஒரு வரி போனால் மாலைக்குள் மூன்று ஊருக்குப் போய்விடும். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று கொடுத்தால் போதும், கர்த்தருக்கு முகவரி தெரியும். "எந்தக் குடும்பம்?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

உபவாசம் இருக்கலாமா?

துக்கத்தில் ஏற்கெனவே சாப்பிடாமல் இருப்பவர்கள் இருக்க வேண்டாம். சாப்பிட முடியாததற்கு உபவாசம் என்று பெயர் வைத்தால் வீட்டார் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இருக்கவே கூடாது.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பதே பாவமா?

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை இருந்தால் வேறு வீட்டில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. மனநல மருத்துவரிடம் போவதும் மாத்திரை எடுப்பதும் விசுவாசக் குறைவு அல்ல. ஜெபித்தாயிற்று என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது ஆபத்து.

அவமானப்பட்ட வீட்டுக்குப் போகிறோம். என்ன பேசுவது?

யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது முதல் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான், வாய் திறந்தபின் எல்லாம் கெட்டது. பத்து நிமிடம் உட்காருங்கள், ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். "எல்லாம் நன்மைக்கே" வேண்டாம், உங்கள் சாட்சியும் வேண்டாம். என்ன நடந்தது என்று துருவாதீர்கள். போகும்போது 13ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் வாசியுங்கள்.

ஆலயத்துக்குத் திரும்பிப் போக முகமில்லை.

முதல் தடவை பண்டிகை நாளிலோ அசன (சபை விருந்து) நாளிலோ போகாதீர்கள், எல்லாரும் வாசலில் நின்று பேசுகிற நாட்கள் அவை. கூட்டம் குறைந்த காலை ஆராதனை, இல்லாவிட்டால் வார நடு ஜெபம் நல்லது. உங்கள் விஷயம் தெரிந்த அந்த ஒருவரை வாசலில் காத்திருக்கச் சொல்லி, அவரோடு உள்ளே போய்ப் பக்கவாசலுக்குக் கிட்ட உட்காருங்கள். முதல் பாட்டு தொடங்கியபின் நுழைந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பலாம், குறையொன்றுமில்லை. யாராவது "ரொம்ப நாளா காணோமே" என்றால் "ஆமாங்க, வர முடியல, இனி வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். அதற்குமேல் கேட்டால் கூட வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும், அதை முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.